துப்பாக்கிக்குப் பூட்டு வேண்டாமாம்!

ஒரே கம்பெனி. கிட்டத்தட்ட ஒரே துப்பாக்கி. இரண்டு வாடிக்கையாளர்கள்.

முதல் வாடிக்கையாளர் அமெரிக்க ராணுவம். 2017 ஜனவரியில், சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டலைத் தன் புதிய கைத்துப்பாக்கியாக அது தேர்ந்தெடுத்தது. ஒப்பந்த மதிப்பு அதிகபட்சம் 58 கோடி டாலர். ராணுவம் அதற்கு வைத்த பெயர் எம்17. அதையே கொஞ்சம் குட்டையாக்கினால் எம்18. டெண்டரில் ராணுவம் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, கட்டைவிரலால் போட்டு எடுக்கிற சேஃப்டி பூட்டு இருந்தே ஆக வேண்டும் என்பது. கம்பெனி மறுபேச்சு பேசவில்லை. வைத்துக் கொடுத்தது.

இரண்டாவது வாடிக்கையாளர் அமெரிக்காவின் சாதாரண மனிதர். கடை வைத்திருப்பவர், நர்ஸ், லாரி டிரைவர், ஊர் போலீஸ்காரர். இவர்கள் கடையில் போய் வாங்கிய வழக்கமான பி320-ல் அந்தப் பூட்டு கிடையாது. "பூட்டு வைத்த மாடலும் உண்டே, கேட்டு வாங்கலாமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். 58 கோடி டாலர் வாடிக்கையாளருக்குத் தெரிந்தது. சம்பளப் பணத்தில் துப்பாக்கி வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

இது ஒரு கம்பெனியின் கதை மட்டும் இல்லை. அமெரிக்கத் துப்பாக்கிச் சந்தை முழுக்க இதே கதைதான். அங்கே துப்பாக்கி ஆர்வலர்கள் நடுவில் பல வருடமாக ஓயாத சண்டை ஒன்று உண்டு. கைத்துப்பாக்கியில் கையால் போடும் சேஃப்டி வேண்டுமா, வேண்டாமா? "அது அவரவர் விருப்பம்" என்று சொல்லிச் சண்டையை முடித்து வைப்பது வழக்கம். அந்த முடிவுதான் தப்பு. சட்டை நிறம் அவரவர் விருப்பம். லேசாக விரல் பட்டால் வெடிக்கிற ஒரு பொருளுக்குப் பூட்டு இருப்பது அப்படிப்பட்ட விருப்பம் இல்லை. இயல்பாகவே பூட்டோடுதான் விற்க வேண்டும். வேண்டாம் என்கிறவர் கேட்டு வாங்கட்டும்.

கொஞ்சம் அடிப்படை

துப்பாக்கியைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்களுக்காக இந்தப் பகுதி.

பிஸ்டலின் டிரிக்கரை இழுத்தால் உள்ளே இருக்கும் ஊசி போய்த் தோட்டாவின் பின்பக்கத்தில் அடிக்கும், தோட்டா வெடிக்கும். கையால் போடும் சேஃப்டி என்பது துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன நெம்புகோல். அதைப் போட்டுவிட்டால் டிரிக்கர் வேலை செய்யாது. கட்டைவிரலால் தட்டி எடுத்தால் வேலை செய்யும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

இது இல்லாத துப்பாக்கிகளைப் பிரபலமாக்கியது கிளாக். திரைச்சீலைக் கம்பி செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக் என்ற ஆஸ்திரியாக்காரர் வடிவமைத்த பிஸ்டலை 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதில் வெளியே பூட்டு இல்லை. பதிலாக மூன்று தானியங்கிப் பாதுகாப்புகள். டிரிக்கர் நடுவில் ஒரு சின்ன நாக்கு, உள்ளே ஊசியைத் தடுக்கும் ஒரு கட்டை, கீழே விழுந்தால் வெடிக்காமல் இருக்க இன்னொரு தடுப்பு. நல்ல பொறியியல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. டிரிக்கரை முறையாக இழுத்தால் மூன்றும் வரிசையாக விலகி வழிவிட்டுவிடும். இழுத்தது சுட நினைத்த விரலா, பயத்தில் இறுகிய விரலா, ஹோல்ஸ்டருக்குள் செருகும்போது மாட்டிக்கொண்ட சட்டை நுனியா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. டிரிக்கர் இழுபட்டதா? வெடி!

கீழே விழுந்தால் வெடிக்காது என்பது ஒரு பாதுகாப்பு. தவறி இழுத்தால் வெடிக்காது என்பது இன்னொரு பாதுகாப்பு. முதலாவதைக் காட்டி இரண்டாவதும் இருப்பதாக நம்ப வைப்பதுதான் விற்பனைத் தந்திரம்.

இன்னொரு வேடிக்கை. 2017-ல் முடிந்த அதே ராணுவப் போட்டியில் கிளாக்கும் கலந்துகொண்டது. எப்படி? கட்டைவிரல் சேஃப்டி வைத்த ஒரு துப்பாக்கியோடு! முப்பது வருடத்துக்கும் மேலாக "எங்கள் துப்பாக்கிக்கு வெளிப்பூட்டே தேவையில்லை" என்று விற்ற கம்பெனி, பெரிய டெண்டர் என்றதும் பூட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றது. போட்டியில் தோற்றதும் ஆட்சேபணை மனு வேறு கொடுத்துப் பார்த்தது. அதுவும் தள்ளுபடி ஆனது. ஆக, பூட்டு வைக்க முடியாது என்பதெல்லாம் இல்லை. கேட்கிறவன் கேட்கிற விதத்தில் கேட்டால் வரும்.

குதிரைக்காரன் கேட்ட பூட்டு

அமெரிக்க ராணுவம் கேட்டது ஏதோ புதுப் பழக்கம் இல்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த புகழ்பெற்ற எம்1911 பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 1910-ல் சோதனைக்கு வந்த மாதிரியில் கட்டைவிரல் பூட்டு கிடையாது. பிடியை இறுக்கினால் விலகும் ஒரு சேஃப்டி மட்டும் இருந்தது. குதிரைப்படைக்கு அது போதவில்லை. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் சுடத் தயாராக உள்ள பிஸ்டல். குதிரை மிரண்டால் துப்பாக்கியை அவசரமாக உறையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கடிவாளத்தைப் பிடிக்க வேண்டும். ஒரே கையால் சட்டென்று பத்திரமாக்க ஒரு வழி வேண்டும். அப்படித்தான் கட்டைவிரல் பூட்டு சேர்ந்தது. 1911 மார்ச்சில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்தத் துப்பாக்கி, 1985-ல் பெரெட்டா வரும்வரை அமெரிக்கப் படைகளின் அதிகாரப்பூர்வ பிஸ்டலாக இருந்தது. இரண்டு உலகப் போர்கள், கொரியா, வியட்நாம் எல்லாம் பார்த்தது. பெரெட்டாவிலும் சேஃப்டி உண்டு. அதற்கு அடுத்து வந்த எம்17-லும் உண்டு.

குதிரைக்காரனின் பிரச்சினையைக் கவனியுங்கள். சண்டையில் சுடும் நிமிடம் அவன் பிரச்சினை இல்லை. சுட்டு முடித்து உறையில் போடும் நிமிடம்தான் பிரச்சினை. கவனம் வேறு எங்கோ இருக்கும் நிமிடம். இன்று குதிரை போய்விட்டது. கவனம் சிதறுவது மட்டும் அப்படியே இருக்கிறது. காரில் ஏறும்போது, கழிப்பறைக்குப் போகும்போது, இரவு படுக்கும் முன் இடுப்பிலிருந்து எடுத்து வைக்கும்போது... துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் ஆயுளில் ஒரு முறைகூட எதிரியைச் சுடாமல் போகலாம். ஆனால் செருகி எடுப்பதை ஆயிரக்கணக்கான முறை செய்வார். பூட்டு அந்த ஆயிரம் முறைக்காகத்தான்.

"என் விரல்தான் பூட்டு"

பூட்டு வேண்டாம் என்போரின் முதல் வாதம் இது. நல்ல பயிற்சி பெற்றவன் சுடப் போகும்வரை டிரிக்கரில் விரல் வைக்க மாட்டான். ஆகவே விரல்தான் உண்மையான பூட்டு. 2001-ல் வந்த 'பிளாக் ஹாக் டவுன்' படத்தில் ஒரு டெல்டா படைவீரர் தன் ஆட்காட்டி விரலைக் காட்டி இதையே சொல்வார். அரங்கில் கைதட்டல் வாங்கும் காட்சி.

சரி. அந்தக் காட்சியில் பேசுகிறவர் யார்? உலகின் மிகக் கடுமையான பயிற்சி பெற்ற படைகளில் ஒன்றின் வீரர். அவர் வசனத்தை இரவல் வாங்குகிறவர் யார்? வருடத்துக்கு இரண்டு முறை சுடும் மைதானத்துக்குப் போகும் ஒரு கணக்குப்பிள்ளை. சச்சின் ஹெல்மெட் இல்லாமல் வலைப்பயிற்சி செய்தார் என்று யாராவது சொன்னால், தெருமுனை டீம் ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

சாதாரண மனிதரை விடுங்கள். போலீஸ்காரர்களுக்கே என்ன ஆனது?

தலைநகர் வாஷிங்டனின் போலீஸ் துறை 1980-களின் இறுதியில் கிளாக்குக்கு மாறியது. அதற்கு முன் கையில் இருந்தது ரிவால்வர். ரிவால்வருக்கு வெளிப்பூட்டு இல்லைதான், ஆனால் அதன் டிரிக்கர் நீளமானது, கனமானது. தெரியாமல் இழுபடுவது கடினம். கிளாக்கின் டிரிக்கர் சுமார் இரண்டரை கிலோ விசையில் விட்டுவிடும். மாறிய பத்து வருடங்களில் 120-க்கும் மேற்பட்ட முறை துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்தன என்று 'வாஷிங்டன் போஸ்ட்' 1998-ல் எழுதியது. அந்தத் துறையின் துப்பாக்கிப் பயன்பாடு பற்றிய அந்தக் கட்டுரைத் தொடருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. பயிற்சி போதாததும், ஆட்களை அவசரமாகச் சேர்த்ததும் காரணம் என்று அந்தத் தொடரே சொன்னது. இருக்கட்டும். பயிற்சி போதாத போலீஸ்காரர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அவர் கையில் பயிற்சியை மட்டுமே நம்பியிருக்கும் துப்பாக்கியைக் கொடுப்பது யார் குற்றம்?

அடுத்தது லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி ஷெரிஃப் துறை. அவர்கள் பல வருடமாக வைத்திருந்த பெரெட்டாவில் சேஃப்டி உண்டு, முதல் குண்டுக்கு டிரிக்கரும் கனம். பிறகு வெளிப்பூட்டு இல்லாத, டிரிக்கர் லேசான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி பிஸ்டலுக்கு மாறினார்கள். 2012-ல் 12 ஆக இருந்த தவறுதலான வெடிப்புகள் 2014-ல் 30 ஆயின. பல சம்பவங்களில் துப்பாக்கியோடு பொருத்திய டார்ச் விளக்கை அழுத்தப் போய் டிரிக்கரை அழுத்தியிருந்தார்கள். ஒரு விரலை இறுக்கினால் பக்கத்து விரலும் சேர்ந்து இறுகுவது மனிதக் கையின் இயல்பு. "என் விரல்தான் பூட்டு" என்பவர் முதலில் தன் விரல்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும், தனித்தனியாக வேலை செய்வீர்களா என்று :-)

இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். "அது பயிற்சிக் குறைபாடு, துப்பாக்கிக் குறைபாடு இல்லை." எந்த விபத்து நடந்தாலும் இதைச் சொல்லிவிடலாம், அதுதான் இந்தப் பதிலின் வசதி. இப்படியே போனால் கேஸ் அடுப்புக்கு ரெகுலேட்டர் எதற்கு? குழாயைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளப் பயிற்சி கொடுத்துவிடலாமே!

"பதற்றத்தில் பூட்டை எடுக்க மறந்துவிடுவான்"

இரண்டாவது வாதம். இது கொஞ்சம் கனமானது. திருடன் கத்தியோடு பாய்கிறான். துப்பாக்கியை எடுத்து நீட்டி டிரிக்கரை இழுத்தால்... ஒன்றும் நடக்கவில்லை. பூட்டு போட்டபடியே இருக்கிறது. ஆள் காலி.

இது நடக்க முடியாததல்ல. ஆனால் இந்த வாதத்தை வைக்கிறவர்கள் தங்கள் முதல் வாதத்தோடு முட்டிக்கொள்வதைக் கவனிக்கிறார்களா என்று தெரியவில்லை. முதல் வாதத்தில், பயிற்சி பெற்ற மனிதன் எவ்வளவு பதற்றத்திலும் டிரிக்கரில் விரல் வைக்கவே மாட்டான், அவ்வளவு கட்டுப்பாடு. இரண்டாவது வாதத்தில், அதே மனிதன் கட்டைவிரலைக் கீழே ஒரு தட்டு தட்டக்கூட மறந்துவிடுவான், அவ்வளவு பதற்றம். ஆட்காட்டி விரலுக்கு மட்டும் பயிற்சி ஏறுமாம், கட்டைவிரலுக்கு ஏறாதாம். இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா!

1911-இல் பழகியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், துப்பாக்கியை உயர்த்தும் அசைவிலேயே பூட்டும் சேர்ந்து விலகிவிடும், தனி வேலையே இல்லை என்று. காரில் கிளட்ச்சை மிதித்து கியர் போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் யோசித்தா போடுகிறார்? மறந்தே போனாலும் இரண்டு தவறுகளின் விலையும் ஒன்றல்ல. அவசரத்தில் பூட்டை மறக்கும் ஆபத்து, துப்பாக்கியை நிஜமாகவே நீட்ட வேண்டிவரும் அபூர்வமான நாளில் மட்டும். தவறி வெடிக்கும் ஆபத்து, அதைத் தொடும் ஒவ்வொரு நாளும்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். கைகலப்பில் துப்பாக்கி பறிபோவதும் உண்டு. பறித்தவனுக்கு அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று தெரியாது. அவன் தடுமாறும் இரண்டு மூன்று வினாடி, உயிர் தப்பிக்கக் கிடைக்கும் வினாடி. மசாத் அயூப் என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்றுநர் நீண்ட காலமாக எழுதி வரும் வாதம் இது. துப்பாக்கியை வெறுக்கும் ஆசாமி அல்ல அவர், அந்தத் துறையிலேயே ஊறியவர். பதற்றம் சொந்தக்காரனுக்கு மட்டுமா வரும்? திருடனுக்கும் வரும்!

ஒப்புக்கொள்ள வேண்டியவை

பூட்டு சர்வரோக நிவாரணி என்று சொன்னால் அதுவும் புரட்டுதான். அதனால் சிலதை நேராகவே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்று, பூட்டு இயந்திரக் கோளாறைச் சரிசெய்யாது. பி320 கீழே விழுந்தால் சில கோணங்களில் வெடிக்கக்கூடும் என்று தெரிந்து, 2017 ஆகஸ்டில் கம்பெனி இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. அதற்கு மருந்து உள்பாகங்களை மாற்றுவதுதான், வெளியே நெம்புகோல் வைப்பதல்ல. அதன் பிறகும், டிரிக்கரைத் தொடாமலே வெடித்தது என்று பல வழக்குகள் வந்தன. கம்பெனி அதைத் தொடர்ந்து மறுக்கிறது. சில வழக்குகளில் ஜெயித்தும் இருக்கிறது. 2024 ஜூனில் ஜார்ஜியாவில் ஒரு ஜூரி 23 லட்சத்து 50 ஆயிரம் டாலரும், அதே ஆண்டு நவம்பரில் ஃபிலடெல்பியாவில் இன்னொரு ஜூரி 1 கோடியே 10 லட்சம் டாலரும் காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. இந்த வழக்குகளில் கம்பெனியின் நிலையை அப்படியே நம்பினாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. "டிரிக்கர் இழுபடாமல் துப்பாக்கி வெடிக்காது" என்கிறீர்கள். சரி, அப்படியானால் ஹோல்ஸ்டரில் இருந்தபோது எதுவோ டிரிக்கரை இழுத்திருக்கிறது. அதைத் தடுக்கத்தானே பூட்டு? உங்கள் தற்காப்பு வாதமே பூட்டுக்கான வாதம் ஆகிவிடவில்லையா?

இரண்டு, பூட்டு விளையாட்டுத்தனத்தைத் தடுக்காது. 2025 ஜூலையில் வயோமிங் மாநிலத்தில் உள்ள எஃப்.ஈ. வாரன் விமானப்படைத் தளத்தில் எம்18 குண்டு பாய்ந்து ஒரு வீரர் இறந்தார். முதலில் துப்பாக்கி மேல்தான் சந்தேகம். விமானப்படையின் ஒரு பிரிவு அதைப் பயன்படுத்துவதையே நிறுத்தி வைத்தது. அடுத்த மாதமே சக வீரர் ஒருவர் கைது செய்யப்பட்டார், பரிசோதனைக்குப் பின் துப்பாக்கிகளும் திரும்ப வந்தன. பூட்டு உள்ள துப்பாக்கிதான். பூட்டை எடுக்கும் கையை எந்தப் பூட்டும் தடுக்காது.

மூன்று, குழந்தைகள். கட்டைவிரல் பூட்டு குழந்தையைத் தடுக்கும் என்று நம்பித் துப்பாக்கியை மேஜை டிராயரில் போடுகிறவர் பெரிய முட்டாள். 1991-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் தவறுதலான துப்பாக்கிச் சாவுகளை ஆராய்ந்தது. குழந்தையால் எடுக்க முடியாத, தானாகவே விழும் பூட்டும், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று காட்டும் அடையாளமும் இருந்திருந்தால் 31 சதவீதச் சாவுகளைத் தடுத்திருக்கலாம் என்றது. இதில் பூட்டின் பங்கு 8 சதவீதம், தோட்டா அடையாளத்தின் பங்கு 23 சதவீதம். பூட்டு வேண்டாம் என்போர் "பார்த்தீர்களா, வெறும் 8 சதவீதம்!" என்று குதிக்கலாம். கணக்கைச் சரியாகப் படிக்க வேண்டும். "பூட்டு மட்டும் போதாது, அடையாளமும் வேண்டும்" என்பதுதான் அந்த அறிக்கை. "பூட்டும் வேண்டாம்" என்பதல்ல. அமெரிக்காவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 500 பேர் தவறுதலான துப்பாக்கிச் சூட்டில் சாகிறார்கள். அதில் 8 சதவீதம் என்றால் 40 உயிர். வெறும் 40 என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நியூயார்க் கண்டுபிடித்த குறுக்கு வழி

பூட்டு இல்லாமலே சமாளிக்க முடியாதா என்று யோசித்தவர்களும் உண்டு. நியூயார்க் போலீஸ் கிளாக் வாங்கியது. ஆனால் டிரிக்கர் விசை இரண்டரை கிலோ ஆபத்து என்று, நீண்ட காலம் சுமார் ஐந்தரை கிலோவாக ஏற்றி வைத்திருந்தது. "நியூயார்க் டிரிக்கர்" என்ற பெயரே வந்துவிட்டது. தவறி இழுப்பது குறையும். ஆனால் குறி வைத்துச் சுடும்போதும் அதே கனத்தை இழுத்தாக வேண்டும். துப்பாக்கி ஆடும், குறி தப்பும். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே போலீஸார் ஒரு கொலையாளியைச் சுட்டபோது பக்கத்தில் நின்ற ஒன்பது பேர் குண்டும் சிதறல்களும் பட்டுக் காயமடைந்தார்கள். நெரிசலான தெரு, சில வினாடிகளில் முடிந்த சண்டை, காரணம் பல இருக்கலாம். ஆனாலும் அந்தக் கனமான டிரிக்கரைப் பற்றிய சர்ச்சை அப்போது மறுபடி கிளம்பியது.

ஆக, டிரிக்கரைக் கனமாக்கினால் சுடும்போது கஷ்டம். லேசாக்கினால் சுடாதபோது ஆபத்து. சுடும்போது லேசாகவும் சுடாதபோது அசையாமலும் இருக்க ஒரு வழி வேண்டும் என்றால், அதற்குப் பெயர்தான் சேஃப்டி. நூறு வருடத்துக்கு முன்பே குதிரைக்காரன் கண்டுபிடித்துவிட்டான்!

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது

இவ்வளவு எளிய பொருளை ஏன் எல்லாத் துப்பாக்கியிலும் வைப்பதில்லை? தொழில்நுட்பம் தடையில்லை, விலையும் பெரிய தடையில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் எம் அண்ட் பி ஷீல்டு பிஸ்டலை 2012-ல் பூட்டோடு கொண்டுவந்து, பின்னர் பூட்டில்லாமலும் விற்கத் தொடங்கியது. இரண்டையும் செய்ய முடிகிறது, இரண்டும் விற்கிறது. பிறகு எது தடை? பூட்டு வைக்காததால் வரும் நஷ்டம் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை, அதுதான்.

காமர்ஸ் முதல் வருடப் பாடம் இது. ஒரு பொருளால் வரும் நஷ்டத்தைத் தயாரிப்பாளர் சுமக்காவிட்டால், அதைக் குறைக்க அவருக்கு எந்த அவசரமும் இருக்காது. தொடையில் குண்டு பாய்ந்தவரின் ஆஸ்பத்திரி பில்லை அவரே கட்டுகிறார், அல்லது இன்சூரன்ஸ் கட்டுகிறது. கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் அது ஒரு வரியாகக்கூட வராது. அதை வர வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று அரசு ஒழுங்குமுறை, மற்றொன்று நீதிமன்றம். இரண்டையும் எப்படி அடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்புக்கென்று ஒரு ஆணையம் இருக்கிறது. 1972-ன் சட்டத்தில் பிறந்தது. தொட்டில், பொம்மை, ஹேர் டிரையர் எல்லாம் அதன் கண்காணிப்பில் வரும். துப்பாக்கி வராது. சட்டமே விலக்கு கொடுத்துவிட்டது. பொம்மைத் துப்பாக்கி பாதுகாப்பானதா என்று அரசு கேட்கலாம், நிஜத் துப்பாக்கியைக் கேட்கக் கூடாது!

இதிலும் ஒரு தமாஷ். 1968-ன் துப்பாக்கிச் சட்டப்படி வெளிநாட்டிலிருந்து வரும் கைத்துப்பாக்கிகளுக்குப் பாதுகாப்பு நிபந்தனைகள் உண்டு. சோவியத் ராணுவத்தின் டொகரேவ் டிடி-33 பிஸ்டலுக்கு மூலத்தில் கைப்பூட்டே கிடையாது. அமெரிக்கச் சந்தைக்கு அதை இறக்குமதி செய்தவர்கள், உள்ளே விடமாட்டார்கள் என்பதற்காகவே பக்கவாட்டில் ஒரு சேஃப்டியைப் பொருத்திக் கொண்டுவந்தார்கள். பழைய துப்பாக்கியில் ஓட்டை போட்டுப் பூட்டு வைக்க முடிந்திருக்கிறது. உள்ளூரில் செய்கிற துப்பாக்கிக்கு மட்டும் அந்த நிபந்தனை இல்லை. வெளியூர் மாப்பிள்ளைக்கு ஒரு சட்டம், உள்ளூர் மாப்பிள்ளைக்கு ஒரு சட்டம்.

நீதிமன்றக் கதவு? சிக் சாவரின் தலைமையகம் இருப்பது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில். ஜூரிகள் பெரிய தொகைகளைச் சொல்லத் தொடங்கிய பிறகு, 2025-ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வெளிப்பூட்டு மாதிரியான சில அம்சங்கள் இல்லை என்பதைக் காரணமாகக் காட்டித் துப்பாக்கித் தயாரிப்பாளர் மேல் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்கிறது அது. பூட்டு வைப்பதை விடச் சட்டத்தில் ஒரு பூட்டு போடுவது சுலபமாகப் போய்விட்டது.

கடைசியாக...

"வாங்குகிறவன் தேர்ந்தெடுக்கட்டும்" என்பார்கள். தேர்வு என்றால் விஷயம் தெரிந்து செய்வது. பியூ ஆய்வு மையம் 2023-ல் எடுத்த கணக்கெடுப்பில் அமெரிக்கப் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் 72 சதவீதம் பேருக்கு அதை வைத்திருக்க முக்கியக் காரணம் தற்காப்பு. வேட்டைக்காரர்களோ ராணுவத்தினரோ அல்ல, பயந்து போய் வாங்கியவர்கள். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்ல இப்போது உரிமமே தேவையில்லை. எனவே உரிமத்தோடு வரும் பயிற்சி வகுப்பும் இல்லை. பயிற்சியைக் கட்டாயமாக்குவதையும் எதிர்ப்பார்கள், பயிற்சிதான் பூட்டு என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்வதற்குத் தனித் திறமை வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. துப்பாக்கியைப் பிடுங்கச் சொல்லவில்லை. அந்த விவாதமே வேறு. லேசான டிரிக்கர் உள்ள பிஸ்டல் கடையில் விற்கப்பட்டால் சேஃப்டியோடு விற்கப்பட வேண்டும். வேண்டாதவர் அதைப் போடாமல் வைத்துக்கொள்ளட்டும், அல்லது பூட்டில்லாத மாடலைக் கேட்டு வாங்கட்டும். இருக்கும் பூட்டைப் போடாமல் விடலாம். இல்லாத பூட்டை யாராலும் போட முடியாது. இந்த ஒரு வித்தியாசம் போதும், எது இயல்பாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய.

வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த சிப்பாய்க்குப் பூட்டு வேண்டும் என்று அமெரிக்க ராணுவமே நினைக்கிறது. அந்தச் சிப்பாய் வேலையை விட்டு வீட்டுக்கு வந்து, தன் காசில் கடையில் ஒரு துப்பாக்கி வாங்கும்போது மட்டும் அவருக்குப் பூட்டு தேவைப்படாமல் போய்விடுகிறது. சீருடையைக் கழற்றியதும் விரல் திறமையாகிவிட்டதா, அல்லது உயிர் மலிவாகிவிட்டதா?

பூட்டு வேண்டாம் என்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.